முதுதாய் மரத்தில் கயிறு ஏறலாகாது

வளர்க. வெண்பாறை நாடு வளர்க, அதன் ஏழு சரிவுகளும் வளர்க, ஏழு சரிவிலும் ஒலிவம் கிளை முறியக் காய்க்க.

கார்முகில் தங்கிச் செல்லும் கோடைமுடிக் கோட்டைக்கு உடையவரும், பனிச்சுனை மூன்றுக்கும் காவலரும், கடல் கடந்து வந்த ஒலிவ மரத்தை நம் பாறைப்பிளவில் வேர்கொள்ளச் செய்த குலத்துக்கு ஒன்பதாம் வழித்தோன்றலுமாகிய கோமான் பெருஞ்சேந்தர் திருவடிக்கு, அவர்தம் ஒலிவத் தோப்புகளுக்குத் தலைமை பூண்ட மரநாயகம் செங்கோதை, ஆழிமுக நாட்டு விருந்தினர் மாளிகையிலிருந்து விழுந்து வணங்கி எழுதும் ஓலை. தங்கள் மெய்க்கீர்த்தியில் இன்னும் பதினான்கு அடி எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு நேரமில்லை. கோமான் பொறுத்தருள்க.

தத்தனைக் கொல்ல வேண்டாம்.

சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி ஏன் என்று சொல்கிறேன். இன்று வளர்பிறைப் பத்தாம் நாள். முழுமதி நாள் காலையில் ஒட்டுக்காரத் தத்தனை நம் முதுதாய் மரத்தின் கீழ்க்கிளையில் தூக்கிலிட வேண்டும் என்பது தங்கள் தீர்ப்பு. நடுவே இருப்பது ஐந்து நாள். கார்த்திகை மழையில் ஆழிமுகத்திலிருந்து கோடைமுடிக்கு வழி ஆறு நாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தாணியை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

நடந்தது கோமான் அறிந்ததே. ஆயினும் இவ்வோலையை அவையில் படிக்கக் கேட்போர் எல்லோரும் அறியமாட்டார்கள். ஆகவே சுருங்கச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் திருமகள் எயினியார் ஆழிமுகத்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றபோது, சீர்வரிசையின் தலைச்சீராக அறுபது ஒலிவச் செடிகள் சென்றன. எல்லாம் கோமணி. நம் அரண்மனைக்கே உரிய, பிழிந்து ஈராண்டு ஆனாலும் சிக்கு வாடை ஏறாத எண்ணெய் தரும் கோமணி. ஒட்டுக் கட்டியவன் தத்தன். இவ்வாண்டு அம்மரங்கள் முதற்காய் காய்த்தன. காயோ சுண்டுவிரல் நகத்தளவு. கிளையெல்லாம் முள். மலைநாட்டார் காட்டுமுள்ளைக் கோமணி என்று தலையில் கட்டிவிட்டார்கள், மரம் இப்படியென்றால் பெண் எப்படியோ என்று ஆழிமுகத்து அரசமாதேவி நக்கையார் அவையிலேயே கேட்டார். எயினியாரைக் கணவர் மாளிகையிலிருந்து பிரித்துக் கடலோரத் தனிமனையில் வைத்தார்கள். முழுமதி கழிந்ததும் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவதாகச் சொல்லி, ஒரு பேழை நிறைய அந்தக் காயையும் நமக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பேழையைத் திறந்தவள் நான்.

அன்று அவையில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது. ஒரு காயை எடுத்தேன், சதையைக் கடித்துத் துப்பினேன், கொட்டையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இது கோமணி அன்று, வேர்ச்செடியாக வைக்கும் முள்ளொலிவம் என்று சாற்றினேன். ஐயமில்லையா என்று கோமான் கேட்டருளினீர்கள். இல்லை என்றேன். ஒட்டே கட்டாமல் வெறும் காட்டுச்செடியை அனுப்பி ஏய்த்தான் என்று தத்தன்மேல் குற்றம் நின்றது. அவன் அழவில்லை, வாதாடவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான். "அம்மா, கொட்டையப் பாத்தீங்க, சரி. தழும்பப் பாத்தீங்களா?" என்றான். கொட்டையைப் பார்த்த பிறகு தழும்பு எதற்கு என்று நான் சொன்னேன். அவையோர் சிரித்தார்கள். கோமான் எனக்குப் பட்டுப் போர்த்தினீர்கள்.

அந்தப் பட்டு இங்கே என் பெட்டியில் இருக்கிறது. தொட மனம் வரவில்லை.

ஆழிமுகத்தாரிடம் பொறுத்தல் வேண்டி, மாற்றுச்செடிகளுக்கு இடம் பார்த்து வருமாறு என்னை அனுப்பினீர்கள். ஆறு நாளுக்கு முன் வந்து சேர்ந்தேன். வந்த அன்றே தோப்புக்குப் போனேன். தத்தன் கேள்வி வழியெல்லாம் காதில் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். தழும்பு என்பது ஒட்டுத் தழும்பு. காட்டுச்செடியின் வேர்த்தண்டில் கோமணிக் குச்சியைச் செருகி நார் சுற்றிக் கட்டினால், இரண்டும் கூடிய இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு, மரம் உள்ளவரை இருக்கும். தத்தன் எப்போதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டுபவன். மண்டியிட்டு அறுபது மரத்திலும் தேடினேன். ஒன்றிலும் தழும்பு இல்லை.

பார்த்தாயா, ஏய்த்துத்தான் இருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். ஒப்புக்கொள்கிறேன், அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

பிறகுதான் கண்ணில் பட்டது. அறுபது மரமும் ஒற்றைத் தண்டாக எழவில்லை. ஒவ்வொன்றும் அடியிலேயே இரண்டாய் மூன்றாய்க் கிளைத்து எழுந்திருந்தது. கிளைத்த இடத்தின் நடுவில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஆறிப்போன பழைய வெட்டு. ஒன்றிரண்டில் என்றால் ஆடு கடித்தது எனலாம். அறுபதிலும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், கூரிய கத்தி பட்ட வெட்டு.

தோப்புக்காரனை அழைத்துக் கேட்டேன். அவன் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "தலை கொய்யிற சடங்கும்மா. ஒங்க ஊர்ல கெடையாதா? பொறந்த வீட்டுத் தலைய எடுத்தாத்தான புகுந்த வீட்டுத் தலை மொளைக்கும்?" என்றான்.

கோமானே, ஆழிமுகத்தில் மணப்பெண்ணோடு வரும் உயிருள்ள எதுவும் பழைய தலையோடு வாசல் தாண்டக்கூடாது. மணமகளின் கூந்தலில் ஒரு பிடி கொய்வார்கள். செடி வந்தால் நாலு விரல் விட்டு மேலே நறுக்குவார்கள். நறுக்கியதற்கு மாலை சூட்டிக் கடலில் விடுவார்கள். இவர்கள் அறிந்த மரம் தென்னையும் புன்னையும் பனையும்தான். எல்லாம் விதை போட்டு வளர்த்தவை. தலை வெட்டினால் பட்டுப்போகும் தென்னையையும் பனையையும் மணச்சீராகக் கொண்டுவருவார் இல்லை. வெட்டினாலும் துளிர்க்கும் புன்னைக் கன்று முன்பு வந்திருக்கிறது. துளிர்த்தது புன்னையாகவே துளிர்த்தது. வேர் ஒன்றும் தலை வேறொன்றுமாக ஒரு செடி இருக்கும் என்பது இந்தக் கடற்கரையில் யாருக்கும் தெரியாது. நாமும் சொல்லி அனுப்பவில்லை. நம் மலையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்ததாயிற்றே, இதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டோம்.

தத்தன் ஒரு சாணில் ஒட்டுக் கட்டினான். இவர்கள் நாலு விரலில் வெட்டினார்கள். கோமணி அறுபதும் மாலையோடு கடலுக்குப் போயின. மண்ணில் நின்றது வெறும் காட்டுவேர். அது தன் இயல்புப்படி முள்ளோடு முளைத்தது.

எயினியாரைக் காண அனுமதி கேட்டுப் போனேன். இளைத்திருக்கிறார்கள். சடங்கைப் பற்றிக் கேட்டதும் கூந்தலை முன்னால் இழுத்துக் காட்டினார்கள். "அன்னிக்கே என் முடியும் வெட்டுனாங்க அத்தை. ஆறே மாசத்துல அதே சுருட்டையோட வளந்துடுச்சு. மரமும் அப்படித்தான் வளரும்னு நெனச்சேன். தப்பா?" என்று கேட்டார்கள். தலைமுடிக்கு வேரும் நீதானே மகளே, செடிக்கு வேர் வேறு என்றேன். கூந்தலைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "தத்தண்ணன் உயிரோட இருக்காரா?" என்றார்கள். இருக்கிறான் என்று சொன்னேன். இந்த ஓலை போய்ச் சேரும்போதும் அது உண்மையாக இருக்க வேண்டும்.

ஆனால் வெட்டைக் காட்டினால் மட்டும் போதுமா? வெட்டுக்கு மேலே இருந்ததும் காட்டுச்செடிதான், வெட்டியதால் என்ன மாறிவிட்டது என்று எவரும் கேட்கலாம். நானே கேட்டிருப்பேன். கோமணி ஒன்றாவது எங்கேனும் தலையோடு பிழைத்திருந்தால் அன்றித் தத்தன் நாணயம் நிலைநாட்டப்படாது. தலைகளோ கடலில்.

அப்போதுதான் ஒட்டுக்காரர் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. தொலைவுக்கு அறுபது செடி அனுப்பினால் அறுபத்தொன்றாக ஒன்றைச் சேர்த்து வைப்பார்கள். வழியில் ஒன்று பட்டுப்போனால் ஈடு செய்ய. அதற்கு வழிச்செடி என்று பெயர். சீர்வரிசையில் அறுபதுதான் இறங்கியது என்றால், அந்த ஒன்று எங்கே?

இரண்டு நாள் அலைந்தேன். அன்று செடி ஏற்றிவந்த வண்டிகளில் ஒன்று உப்புவண்டி. ஓட்டியவள் நீலி என்பவள். இப்போதும் உப்பளத்து ஓரத்தில்தான் குடியிருக்கிறாள். போய்க் கேட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆறு வருசம் கழிச்சு ஒரு செடிக்குத் திருட்டுப் பட்டம் கட்ட வந்தீங்களாக்கும்! சட்டி ஒடைஞ்சு கெடந்துச்சு. வேண்டாம்னு ஒங்க ஆளுங்கதான் தூக்கிப் போட்டாங்க. ஆட்டுக்கு நெழலாகுமேன்னு நட்டேன். நெழலும் இல்ல, காயும் கசப்பு. வேணும்னா வேரோட எடுத்துட்டுப் போங்க!" என்று பொரிந்து தள்ளினாள்.

குடிசைக்குப் பின்னால் அது நின்றது. ஒற்றைத் தண்டு. தரையிலிருந்து ஒரு சாணில் வளையப் புடைப்பு. நீலி வீட்டில் சடங்கு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே தலை பிழைத்தது.

கோமானே, நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு மனிதனைத் தூக்குக் கயிற்றின்கீழ் நிறுத்தியவள். இம்முறை அவசரப்படவில்லை. நேரம் இல்லாதபோதும் ஒருநாள் முழுதும் செலவிட்டேன். நீலி மரத்துக் காயையும் தோப்பு மரத்துக் காயையும் அருகருகே வைத்துச் சோதித்தேன்.

கைப்பிடிக்கு நீலி மரத்துக் காய் பதினேழு. தோப்புக்காய் நாற்பதுக்கு மேல். இதை நம்பவில்லை, ஏனெனில் நீர் மிகுந்தால் காட்டுக்காயும் பருக்கும். இலையைப் பார்த்தேன். நீலி மரத்து இலை அகன்று, கரண்டிபோல் உட்குழிந்து, அடிப்புறம் வெள்ளி பூத்தது. தோப்பு இலை குறுகியது, விறைத்தது. இதையும் முழுக்க நம்பவில்லை. உப்புக்காற்று இலையை மாற்றும். கொட்டை மாறாது. வெயிலும் மழையும் மண்ணும் கொட்டையை அசைப்பதில்லை. நீலி மரத்துக் கொட்டை நீண்டது, ஒரு பக்கம் சற்றே வயிறு தள்ளியது, நுனியில் ஊசிமுனை, காம்புப்புறத்திலிருந்து ஓடும் வரிகள் ஒன்பது. பத்துக் கொட்டை எண்ணினேன், பத்திலும் ஒன்பது, கோமணிக்கே உரிய எண். தோப்புக் கொட்டை உருண்டை, முனை மழுங்கல், வரி ஆறோ ஏழோ.

பிறகு எண்ணெய். உரலில் நசுக்கி, வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மிதந்ததை இறகால் எடுத்தேன். தோப்பு எண்ணெய்க்கு மணமே இல்லை. நாக்கில் பட்டதும் கசந்து வாயை உலர்த்தியது. நீலி மரத்து எண்ணெயில் அறுத்த புல்லின் வாசம். கசப்பு அடிநாக்கில் மெல்லத்தான் வந்தது. வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து எண்ணியதும் தொண்டையில் மிளகு தைத்ததுபோல் ஒரு காரல். இருமினேன். இரண்டு முறை. கோமணிக்கு இரண்டு இருமல் என்று நம் செக்கடியில் எல்லோரும் சொல்வதைக் கோமானும் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். அப்படி இருமி முடித்தபோது கண்ணில் நீர். காரலால் மட்டும் அல்ல. நீலி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கடைசியாகக் குளிர்ச் சோதனை; கோமணி எண்ணெய் நம் பனிச்சுனை நீரிலும் உறையாதே. இங்கே பனிச்சுனை ஏது? வெடியுப்பைக் கரைத்தால் நீர் சில்லிடும் என்று நீலிதான் சொன்னாள். அந்த நீரில் இரண்டு குப்பியையும் நிறுத்தினோம். தோப்பு எண்ணெய் சற்று நேரத்தில் கலங்கி நெய்போல் உறைந்தது. நீலி மரத்தது கண்ணாடியாய்த் தெளிந்தே நின்றது.

அது கோமணி. என் தலைமேல் ஆணை, அது கோமணி. ஒரே வண்டியில், ஒரே கையால் ஒட்டுக் கட்டி, ஒரே நாளில் வந்த அறுபத்தொன்றில் தலை கொய்யாத ஒன்று கோமணி என்றால், கொய்த அறுபதும் கோமணியே. தத்தன் ஏய்க்கவில்லை. அவையில் நான் சொன்னது காயைப் பற்றிய உண்மை. அதிலிருந்து ஆளைப் பற்றி நாம் எல்லோரும் எடுத்த முடிவு பொய்.

இதை நேற்றுக் காலை அரசமாதேவியாரிடம் சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். அவர்கள் முகம் கறுத்தது. "எங்க சடங்குதான் ஒங்க மரத்தக் கெடுத்துச்சுன்னு சொல்ல இவ்வளவு தூரம் வந்தியா? வந்த வீட்டுத் தலைய வெட்டுறதுல குத்தம் கண்டுபிடிக்கிறவ, நாளைக்கு எங்க மருமகளயும் தூண்டிவிடுவ" என்றார்கள். அன்றே என் வாசலில் வேல்காரர் இருவர் நின்றனர். முழுமதி கழியும்வரை நான் நகர்விட்டு நகரக்கூடாதாம். என் அஞ்சற்காரனையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே கோமானிடம் நேரில் வந்து காலைப் பிடிக்க வழியில்லை. மாளிகைக்கு உப்பு கொண்டுவந்த நீலியோடு இவ்வோலை உப்புமூட்டைக்குள் வருகிறது. ஆறு நாள் வழியை ஐந்தில் கடப்பாளா என்று கேட்டேன். "மாடு செத்தா நடப்பேன்" என்றாள். ஒருவேளை அவள் சேற்றில் கால் புதைய உங்கள் வாசலில் நின்றால், அவளை விரட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இது கெஞ்சல் அல்ல, மரநாயகத்தின் ஆலோசனை. அந்த அறுபது முள்மரமும் வீண் அல்ல. ஆறு ஆண்டு ஊன்றிய அறுபது வேர்கள் அவை. அவற்றின் தலையில் நீலி மரத்துக் குச்சியை ஒட்டினால், மூன்றாம் ஆண்டில் கோமணி காய்க்கும்; எயினியாரும் எவர் முன்னும் தலை நிமிர்வார்கள். முற்றிய தண்டில் ஒட்டு ஏற்றும் கை நம் நாட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கைக்கு உடையவனின் கழுத்துக்குத்தான் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி என் குற்றம். நீலி வந்து சேரும்போது காலம் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாது. ஓலை வாயிற்காவலரிடம் போய், எழுத்தரிடம் போய், அமைச்சர் கண்டு, கோமான் திருமுன் வருவதற்குள் சூரியன் ஏறிவிடும். உயிர்த்தண்டனையை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் மரத்தின்மேல் எனக்கு அதிகாரம் உண்டு. பொய் ஒட்டுக் கட்டியவனை அந்த ஒட்டின் தாய்மரத்தில்தான், கோமணியென்றால் முதுதாய் மரத்தில்தான், தூக்கவேண்டும், வேறு மரத்தில் கூடாது என்பது நம் சட்டம். முதுதாய் மரத்தில் கயிறோ ஆணியோ கத்தியோ மரநாயகத்தின் ஒப்புதலின்றிப் படலாகாது என்று தங்கள் பாட்டனார் தோப்பு வாயிலில் கல்லில் வெட்டுவித்ததும் நம் சட்டமே. இரண்டையும் ஒன்றாகப் படித்தவர் இதுவரை யாரும் இல்லை. இன்று நான் படித்தேன்.

ஆகவே இவ்வோலைக்கு மேலே தனியாக ஒரு புற ஓலை சுற்றியிருக்கிறேன். அது தங்களுக்கு அல்ல, தோப்புக் காவலர்க்கு. நீலி முதலில் போவது தோப்புக்கு, பிறகுதான் கோட்டைக்கு. கோமான் இவ்வரியைப் படிக்கும் நேரத்தில் காவலர் மரத்தைச் சுற்றி நிற்பார்கள் என்று நம்புகிறேன். கோமானைக் கேளாமல் கோமானின் தீர்ப்புக்குக் குறுக்கே நின்றேன். இதற்கு என்ன தண்டனையோ, வந்து பெற்றுக்கொள்வேன். ஏற்கனவே ஒருமுறை தங்களிடம் ஐயமில்லை என்று சொன்ன வாய் இது. அதற்கும் சேர்த்தே தருக.

ஓலைக் கட்டில் பொதிந்திருக்கும் கொட்டை இரண்டையும் தத்தன் உள்ளங்கையில் வையுங்கள். கண்ணைக் கட்டியே வையுங்கள். எது எதுவென்று அவன் விரல் சொல்லும்.

வெண்பாறையில் பனி இறங்கும் காலமெல்லாம் கோமான் குடை நிழல் குளிர்க. இது செங்கோதை கைப்பட எழுதியது. பிறர் கை படவில்லை. அரக்கில் பதிந்திருப்பது என் மோதிரம் அன்று, மோதிரத்தை வேல்காரர் வாங்கிக்கொண்டனர். பதிந்திருப்பது நீலி மரத்துக் கோமணிக் கொட்டை. வரிகளை எண்ணிக்கொள்க. ஒன்பது.

புற ஓலை:

கோடைமுடித் தோப்புக் காவலர் அனைவர்க்கும் மரநாயகம் செங்கோதையின் ஆணை. முதுதாய் மரத்தில் கயிறு கட்ட நான் ஒப்புதல் தரவில்லை. நான் திரும்பி வந்து மரத்தடியில் நின்று வாய்திறந்து சொல்லும்வரை தரப்போவதும் இல்லை. எவர் ஆணை கொண்டு எவர் வந்தாலும், கயிற்றோடு வருபவரைக் கல்வெட்டின் முன் நிறுத்தி உரக்கப் படித்துக் காட்டுக. முன்பே கயிறு ஏறியிருந்தால் அறுத்து எறிக. கிளை முறிந்தாலும் அறுக்க, பழி என்னுடையது. இதைப் படிப்பவன் முழுதும் படித்து முடிக்கவேண்டாம்.

ஓடுக.